உங்களுக்குத் தெரியுமா? சோடியம் இறங்கினால் உப்பா, தண்ணீரா?

★ வீட்டுப் பெரியவர் ஒருவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் திருவனந்தபுரத்தில் "பிச்சும் பேயும் பறயுந்நு" என்பார்கள். அடுத்த பேச்சு முன்பெல்லாம் மறதி நோயைப் பற்றியோ மந்திரவாதியைப் பற்றியோ இருக்கும். இப்போது ஆட்டோ வந்து நிற்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடுகிறார்: "சோடியம் நோக்கியோ?" சர்க்கரை, பிரஷர், கொழுப்பு இந்த மூன்றுக்கும் அடுத்தபடியாக அந்த ஊரில் சாதாரண மக்கள் வாயில் புழங்கும் லேப் சொல் இதுதான் என்று தோன்றுகிறது. கேட்பது நல்ல கேள்வி. அதன் பிறகு வீட்டில் நடக்கும் வைத்தியம்தான் பல நேரம் தப்பாகிவிடுகிறது.

★ ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டும். வார்டில் யாரும் அலகைச் சொல்வதில்லை. "நூற்றுப் பன்னிரண்டு" என்று எண்ணைச் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். 130 முதல் 134 வரை லேசான குறைவு, 125 முதல் 129 வரை நடுத்தரம், 125க்குக் கீழே போனால் தீவிரம். ஆனால் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கி 118இல் நிற்கும் பாட்டி கட்டிலில் உட்கார்ந்து பேரனைக் கேலி செய்துகொண்டிருப்பார். ஒரே நாளில் 140இலிருந்து 122க்கு விழுந்த இளம்பெண்ணுக்கு வலிப்பு வந்துவிடும். 48 மணி நேரத்துக்குள் இறங்கியதா, அதற்கு மேல் எடுத்துக்கொண்டதா என்பதுதான் மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது.

★ சோடியம் 140 என்றால் ஒரு லிட்டர் ரத்த நீரில் சுமார் 3.2 கிராம். 115 என்றால் சுமார் 2.6 கிராம். தெளிந்த மனிதருக்கும் நினைவு தப்பிய மனிதருக்கும் இடையில் லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தான்.



★ "உப்பு கூட்டிக் குடுத்தா போதாதா, டாக்டரே?" குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு நோயாளியுடன் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். லேப் சீட்டில் இருப்பது உப்பின் அளவு; குறைந்திருக்கிறது; ஆகவே சேர்த்தால் சரியாகும். ஆனால் அந்த எண் உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்வதே இல்லை. உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே சொல்கிறது. ரசத்தில் தண்ணீரைக் கூட ஊற்றிவிட்டால் போட்ட உப்பு போட்டபடியே இருக்க, நாக்குக்குக் குறைந்ததுபோல் தெரியுமல்லவா, அதே கணக்கு. மருத்துவமனையில் பார்க்கும் சோடியம் குறைவில் பெரும்பகுதி இந்த வகை. உப்பு அப்படியே இருக்கும், ஏன், சில நேரம் அளவுக்கு மேலேயே இருக்கும். சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்து வைத்திருக்கும்.

★ அப்படிப் பிடித்து வைக்கச் சொல்வது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரஸின் என்ற ஹார்மோன். தாகத்தில் தவிக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது இதுதான். இதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நிமோனியா, மூளைக்காய்ச்சல், அறுவை சிகிச்சை, கடும் வலி, வாந்தி, சில மாத்திரைகள் என்று பல காரணங்களால் இது தேவையில்லாத நேரத்திலும் சுரந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடரிக் பார்ட்டர் ஆகியோர் 1957இல் நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரிடம் இதைக் கண்டு எழுதினார்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே 1981 முதல் இயங்கும் ரீஜனல் கேன்சர் சென்டர் போன்ற இடங்களில் சோடியத்தின் மேல் எப்போதும் ஒரு கண் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சில வகை நுரையீரல் கட்டிகள் அந்த ஹார்மோனைத் தாமே சுரக்கின்றன. சைக்ளோபாஸ்பமைட், வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் சோடியத்தை இறக்கக்கூடியவை.

★ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜை ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தது 1951 நவம்பர் 27. அப்போது நாகர்கோவிலும் தக்கலையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்துடன் சேர்ந்தது. எல்லை மாறியது, நோயாளிகளின் பாதை மாறவில்லை. இன்றும் களியக்காவிளை தாண்டி வரும் பேருந்தில் பழைய ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் இருப்பார்.

★ உப்பு குறைவாகச் சாப்பிடுவதால்தான் கேரளத்தில் இத்தனை பேருக்குச் சோடியம் இறங்குகிறதா? அப்படிச் சொல்ல முடியாது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் அச்சுத மேனன் மையம் மாநிலம் முழுவதும் சுமார் 12,000 பேரிடம் நடத்திய ஆய்வில், சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு ஆறு கிராமுக்கு மேல் உப்பு சாப்பிடுவது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் போட்ட வரம்பு 5 கிராம். மீன் குழம்பும் உப்பிலிட்டதும் பப்படமும் இருக்கும் ஊரில் உப்புப் பஞ்சம் எங்கிருந்து வரும்?

★ அதே ஆய்வில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. விஷயம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் தயசைடு வகை என்று ஒன்று உண்டு: ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு. விலை குறைவு, பலன் நல்லது, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். ஆனால் மெலிந்த உடம்புள்ள வயதான பெண்களில் சிலருக்கு இது சோடியத்தை மடமடவென்று இறக்கிவிடும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் இது நடக்கும். வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு வயிற்றுப்போக்கு வந்த வாரத்தில் காலை வாரிவிடுவதும் உண்டு.

இதில் ஒரு சிக்கல். மாத்திரை அட்டையில் 'தயசைடு' என்று பெரிதாக எழுதியிருக்காது. வேறொரு பிரஷர் மருந்தின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்றோ 'சிடி' என்றோ ஒரு வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். 'அதே மாத்திரைதான், ஒரு எழுத்து கூட' என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எழுத்துதான் தயசைடு. உங்கள் வீட்டு டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். வால் இருந்தால் பதறி நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் ஏறி வேறு வினை வரும். "சோடியம் ஒருதடவை பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். செலவு அதிகமில்லாத பரிசோதனை.

★ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 60 வயது தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாட்டுச் சராசரி 8.6. பிள்ளைகள் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, வீட்டில் தனியாக இரண்டு வயதானவர்கள். அவர்களில் பலருக்கு இரவுச் சாப்பாடு கொஞ்சம் கஞ்சி, பகலில் நான்கைந்து கட்டன் சாயா. மீனும் பருப்பும் முட்டையும் குறைந்துபோன சாப்பாடு. சோடியத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. சிறுநீரகம் வெறும் தண்ணீரை மட்டும் வெளியேற்ற முடியாது. ஒவ்வொரு லிட்டர் தண்ணீரோடும் கொஞ்சமாவது கழிவுப் பொருளைச் சேர்த்துத்தான் அனுப்ப முடியும். அந்தக் கழிவு புரதத்திலிருந்தும் உப்புகளிலிருந்தும் வருகிறது. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் சிறுநீரகத்தால் ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூட வெளியேற்ற முடியும். கஞ்சியும் சாயாவுமாக இருப்பவருக்கு அந்தத் திறன் மூன்று லிட்டர் பக்கம் வந்துவிடும். வயதும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் சுருங்கும். அப்போது குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்குகிறது. இப்படிப்பட்டவருக்கு உப்பு மாத்திரையைவிட இரண்டு முட்டை மேலான வைத்தியம். மேலைநாட்டு மருத்துவப் புத்தகங்கள் இதைத் தேநீரும் ரொட்டியும் சாப்பிடும் முதியவர்களின் நோய் என்கின்றன. நம்மூரில் ரொட்டிக்குப் பதில் கஞ்சி.

★ வலிப்பு நோய்க்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995இல் அறுவை சிகிச்சை தொடங்கினார்கள், 1998இல் ஆர். மாதவன் நாயர் பெயரில் தனி வலிப்பு மையம் வந்தது. தமிழகத்திலிருந்தும் ஏராளமானோர் அங்கே போகிறார்கள். வலிப்பை அடக்கும் கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் மருந்துகள் சோடியத்தை இறக்கும். சோடியம் ரொம்ப இறங்கினால் வலிப்பு வரும். மருந்து போதவில்லையா, மருந்தே காரணமா என்று குழப்பம் வரும்போது ஒரு ரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வகைகளும் வயதானவர்களிடம் இதே வேலையைச் செய்யும்.

★ மூளையில் ரத்தக் கசிவு வந்தவர்களுக்குச் சிறுநீரகம் உண்மையாகவே உப்பைக் கொட்டிவிடும் நிலை ஒன்று உண்டு. 1950இலேயே விவரிக்கப்பட்டது. லேப் சீட்டைப் பார்த்தால் முன்னே சொன்ன ஹார்மோன் கோளாறு போலவே இருக்கும், சிகிச்சையோ நேர் எதிர்: அதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இதற்கு உப்புநீரை ஏற்ற வேண்டும். இரண்டையும் பிரித்தறிவதில் மூளை அறுவை நிபுணர்களே இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியாக எடுத்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு, சோடியம் விழலாம். தலைவலியும் வாந்தியும் வந்தால் 'ஆபரேஷன் களைப்பு' என்று படுத்துவிடக் கூடாது.

★ மழைக்காலத்தில் திருவனந்தபுரத்தை வாட்டும் எலிக்காய்ச்சல், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும் என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கிருமி சிறுநீரகக் குழாய்களை அடித்து, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றும் என்பது அவ்வளவாகத் தெரியாது. சிறுநீரகம் கெட்டால் பொட்டாசியம் ஏறுவதுதான் வழக்கம். கெட்டிருந்தும் பொட்டாசியம் குறைவாக இருந்தால் அனுபவமுள்ள மருத்துவருக்கு எலிக்காய்ச்சல் நினைவு வரும். இது உப்பு உண்மையிலேயே தொலைந்த கூட்டத்தைச் சேர்ந்தது. சலைன் இங்கே நல்ல மருந்து.

★ கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவருக்கு மாதங்கள், சில நேரம் வருடங்கள் கழித்துச் சோடியம் குறையலாம். விஷம் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடுவதால், கார்டிசால் போதாமல் போகிறது. கேரளத்து மருத்துவர்கள் 1970களிலேயே இதைக் கண்டு எழுதினார்கள். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போன பெண்களுக்கும் இதே கதி நேரலாம். ஆகவே "பழைய பாம்புக்கடி உண்டா? பிரசவத்துக்கு அப்புறம் தாய்ப்பால் சுரந்ததா?" என்று ஒரு டாக்டர் எழுபது வயதுப் பாட்டியிடம் கேட்டால் ஊர்க்கதை பேசுகிறார் என்று எண்ண வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்ததும் சோடியம் தானே ஏறும். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத பொடியைப் பல மாதம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துபவர்களுக்கும் இதே ஆபத்து; அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் அடிக்கடி பிடிபடுவதுதான்.

★ சோடியம் குறைந்ததற்கு மூத்திரத்தை எதற்கு டெஸ்ட் செய்கிறார்கள்? அதுதான் துப்பு. ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும்போது சிறுநீர் தண்ணீராக, நீர்த்துப்போய் இருந்தால் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆள்தான் நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார் அல்லது சாப்பிடவில்லை. சிறுநீர் அடர்த்தியாக இருந்து, அதில் சோடியமும் 30க்கு மேல் இருந்தால் ஹார்மோன் அல்லது மாத்திரை மேல் சந்தேகம் போகும். அடர்த்தியாக இருந்தும் சோடியம் 30க்குக் கீழே என்றால், உடம்பு வறண்டிருக்கலாம், இல்லாவிட்டால் இதயமோ கல்லீரலோ பழுதாகிக் கால் வீங்கியிருக்கலாம். இதோடு தைராய்டும் கார்டிசாலும் பார்ப்பார்கள். முக்கியமான விஷயம், சலைன் ஏற்றுவதற்கு முன்பே இந்தச் சிறுநீரைப் பிடித்து வைக்க வேண்டும். முதல் பாட்டில் ஏறிவிட்டால் துப்பு கலைந்துவிடும்.

★ டிரிப் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தால் சோடியம் பொய்யாகக் குறைந்து காட்டலாம். அதே போலச் சர்க்கரை 500க்குப் போன நோயாளியின் 128ஐக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சர்க்கரை நூறுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு நூறுக்கும் 1.6 கூட்டிப் பார்ப்பது பழைய கணக்கு. அப்படிக் கூட்டினால் 134 பக்கம் வந்துவிடும். சர்க்கரையை இறக்கினால் இது தானே சரியாகும்.

★ தீவிர சிகிச்சைப் பிரிவில் வலிப்பு வந்த நோயாளிக்கு ஏற்றும் 3 சதவீத சலைனில் லிட்டருக்கு 513 மில்லி ஈக்விவலன்ட் சோடியம். சங்குமுகம் கடற்கரையில் அலையாக வந்து காலை நனைக்கும் தண்ணீரில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதல். சாதாரண சலைனில் 154தான்.

★ அந்த 3 சதவீத சலைனை 150 மில்லி அளவில் 20 நிமிடத்தில் ஏற்றி, திரும்பப் பரிசோதித்து, தேவையானால் மறுபடி ஏற்றுவது 2014இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல். 100 மில்லியாகக் கொடுப்பது அமெரிக்க வழக்கம். சோடியத்தை உடனே 140க்குக் கொண்டுபோவது இதன் நோக்கமில்லை. நான்கு முதல் ஆறு வரை ஏறினாலே மூளை வீக்கம் தணிந்து வலிப்பு நின்றுவிடும். 112இல் வந்தவர் 117இல் கண் விழித்து "சாயா கிட்டுமோ?" என்று கேட்டுவிடலாம்.

★ இங்கேதான் உறவினர்களுக்கும் டாக்டர்களுக்கும் வாக்குவாதம் தொடங்கும். "நேத்து 112, இன்னைக்கு 119. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு நாள்ல ஏழுதானா ஏறுச்சு?" ஏழு என்பது கச்சிதமான சிகிச்சை. முதல் 24 மணி நேரத்தில் 10க்கு மேல், அடுத்தடுத்த நாளில் 8க்கு மேல் ஏறக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. குடிப்பழக்கம், சத்துக்குறைவு, கல்லீரல் நோய், பொட்டாசியம் குறைவு உள்ளவர்களுக்கு எட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

காரணம் மூளை. சோடியம் இறங்கும்போது தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். மண்டையோடு விரிந்துகொடுக்காது. ஆகவே இரண்டு நாளுக்குள் மூளை தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் வேறு சில பொருட்களையும் வெளியே தள்ளி, வீக்கத்தைக் குறைத்துக்கொண்டு, தாழ்ந்த சோடியத்தோடு வாழப் பழகிவிடுகிறது. தள்ளியவற்றைத் திரும்பச் சேர்க்க அதற்கு நாட்கள் வேண்டும். அதற்குள் நாம் சோடியத்தை ஒரேயடியாக ஏற்றினால் செல்கள் சுருங்கி, நரம்பிழைகளின் மேலுறை உரிந்துவிடுகிறது. ஆடம்ஸ், விக்டர், மன்கால் ஆகியோர் 1959இல் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். இதன் கொடுமை, நோயாளி முதலில் தெளிவாகிவிடுவார். எல்லோரும் நிம்மதி அடைவார்கள். இரண்டிலிருந்து ஆறு நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் செயலற்றுப் போகும். சோடியம் மெல்ல ஏறுகிறது என்று ஆஸ்பத்திரியை மாற்றும் குடும்பங்களைப் பார்க்கும்போது சொல்லத் தோன்றுவது ஒன்றுதான்: இந்த நோயில் பொறுமையாக இருக்கும் டாக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

★ இந்த வேக வரம்பு கல்வெட்டா? மருத்துவ உலகில் இப்போது விவாதம் நடக்கிறது. டொரொண்டோ பகுதியின் ஐந்து மருத்துவமனைகளில் 22,858 அனுமதிகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரையில், நரம்புறை உரிந்தவர்கள் 12 பேர் மட்டுமே. அவர்களில் பலருக்குச் சோடியம் வேகமாக ஏறவும் இல்லை. அளவுக்கு மீறிப் பயந்து மிக மெதுவாக ஏற்றுவதிலும் உயிராபத்து உண்டு என்று சிலர் வாதிடுகிறார்கள். வரம்பு நாளை மாறலாம். இன்றைக்கு வார்டில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள், அதில் தவறு இருப்பதாக எனக்குப் படவில்லை.

★ நர்ஸ் மணிக்கொரு தடவை சிறுநீர் பையைப் பார்த்து எழுதுவது சடங்குக்காக இல்லை. காரணத்தைச் சரிசெய்தவுடன், உதாரணமாக அந்த 'எச்' மாத்திரையை நிறுத்தியவுடன், சிறுநீரகம் திறந்த மடையாகத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கலாம். மணிக்கு 100 மில்லிக்கு மேல் போனால் சோடியம் கட்டுக்கடங்காமல் ஏறப்போகிறது என்று எச்சரிக்கை. அப்போது டாக்டர்கள் தலைகீழாக வேலை செய்வார்கள்: வெறும் டெக்ஸ்ட்ரோஸ் தண்ணீரை ஏற்றி, டெஸ்மோபிரஸின் ஊசி போட்டு, ஏறிய சோடியத்தை வேண்டுமென்றே சற்று இறக்குவார்கள்.

★ பொட்டாசியம் கொடுத்தாலும் சோடியம் ஏறும். 1958இலேயே எடல்மன் குழுவினர் கண்டறிந்த உண்மை. பொட்டாசியத்தைச் சேர்க்காமல் சோடியத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் வேகம் தவறிவிடும்.

★ சாதாரண சலைன் எல்லாருக்கும் நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போனது. வாந்தி பேதியால் வறண்டவருக்கு அது அமுதம். ஹார்மோன் கோளாறில் தண்ணீர் தேங்கியவருக்கு அதே சலைன் சோடியத்தை இன்னும் இறக்கிவிடக்கூடும்: சிறுநீரகம் உப்பை வெளியே அனுப்பிவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். "ஒரு டிரிப் போடுங்க, தெம்பா இருக்கும்" என்று கிளினிக்கில் கேட்டு வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும்.

★ தண்ணீர் தேங்கியவருக்கு முதல் மருந்து தண்ணீரைக் குறைப்பது, நாளுக்கு 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை. மருந்துகளிலேயே கடினமானது இதுதான். சாயா, மோர், கஞ்சித் தண்ணீர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் கணக்கில் வரும். பார்க்க வருபவர்கள் பாசத்தோடு இளநீர் வாங்கி வருவார்கள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்து, எதைக் குடித்தாலும் அந்த அளவுக்கு அதிலிருந்து கொட்டிவிடுவது வீடுகளில் கைகொடுக்கும் எளிய வழி.

★ இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் சொற்பம். சோடியம் குறைந்தவருக்கு அது மருந்தாகாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் பேதிக்கு அருமையானவை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ்ஸில் லிட்டருக்குச் சோடியம் 75தான். தண்ணீர் தேங்கியவர் இரண்டு லிட்டர் குடித்தால் கெடுதல்தான்.

★ வாசோபிரஸினைத் தடுக்கும் டோல்வாப்டான் மாத்திரைக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தண்ணீரை மட்டும் வெளியேற்றும் சாமர்த்தியசாலி. ஆனால் வேகமாகவும் ஏற்றிவிடும் என்பதால் மருத்துவமனையில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். தொடங்கிய நாளில் தாகத்துக்குத் தண்ணீர் மறுக்கக் கூடாது. கல்லீரல் நோயாளிகளுக்கு ஆகாது. போன தடவை எழுதித் தந்த சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வது விபரீதம்.

★ குழந்தைகளுக்கு உப்பு குறைந்த குளுக்கோஸ் டிரிப்தான் ஏற்ற வேண்டும் என்று 1957இல் ஹாலிடே, சேகர் இருவரும் எழுதிய கணக்கை உலகமே அரை நூற்றாண்டு பின்பற்றியது. நோயுற்ற குழந்தையின் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பதால் அது சோடியத்தை இறக்குகிறது என்று பிறகு தெரிந்தது. 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு, ரத்தத்துக்கு நிகரான உப்புள்ள டிரிப்பையே பரிந்துரைத்தது.

★ 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதிகம் வியர்த்தவர்கள் இல்லை. வழியெல்லாம் அதிகம் குடித்து, ஓட்ட முடிவில் எடை கூடியிருந்தவர்கள். புரூஸ் லீ 1973இல் இறந்ததற்கும் அதிகத் தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்று 2022இல் சிறுநீரக மருத்துவர்கள் சிலர் ஒரு ஊகத்தை வெளியிட்டார்கள். ஊகம்தான். ஆனால் "தினம் நான்கு லிட்டர் குடித்தால் நோயே வராது" என்று வாட்ஸ்அப்பில் வருவதைவிட அதில் யோசிக்க விஷயம் இருக்கிறது.

★ திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயிலின் பொங்கலை விழாவில் 1997இல் 15 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு. கும்ப மாத வெயில், பக்கத்தில் அடுப்பு. பிரஷர் மாத்திரை சாப்பிடும் அம்மச்சிகளுக்கு வெறும் தண்ணீர் பாட்டிலைத் திரும்பத் திரும்ப நீட்டுவதைவிட, இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பும் தட்டிப்போட்ட சம்பாரம் என்ற மோர் நல்லது.

★ சோடியம் 128இல் 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று விட்டுவிடும் வழக்கம் உண்டு. பெல்ஜியத்தில் 2006இல் வெளியான ஆய்வில், அப்படி அறிகுறியே இல்லாததுபோல் தெரிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் கீழே விழுந்து அடிபட்டு வந்திருந்தார்; சோடியம் சரியாக இருந்தவர்களில் இருபதில் ஒருவர்தான். நேராக நடக்கச் சொன்னால் மிதமாகக் குடித்தவரைப்போல் தடுமாறினார்கள். உடம்பின் சோடியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எலும்பில் இருக்கிறது. நெடுநாள் குறைவு எலும்பையும் அரிக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து வரும் பெரியவருக்குச் சோடியம் பார்ப்பது அதனால்தான்.

★ வாந்தி, தாங்க முடியாத தலைவலி, அரைமயக்கம், உளறல், வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்துப் புகட்டாதீர்கள். மயங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐ அழையுங்கள், தமிழகம், கேரளம் இரண்டிலும் அதே எண். கிளம்பும்போது மூன்றை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்: சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (பொடி, லேகியம் இருந்தால் அவையும்); பழைய சோடியம் எண் உள்ள லேப் சீட்டு; கடைசி இரண்டு நாளில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய குறிப்பு. ஸ்கேன் கவரை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை.